வந்த வழியைக் காட்டிய வாட்ச்

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் உங்கள் மகள் சப்ரீன் நலம். உங்கள் இருமல் தேவலையா?

வெள்ளிக்கிழமை நானும், கூட வேலை பார்க்கும் வத்திராயிருப்பு நாகஜோதியும் மலையில் ஓடப் போனோம். புழுதிக் காற்று கிளம்பிப் பாதையை மறைத்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. "ஏட்டி, எந்தப் பக்கம் போறது?" என்று அவள் அழுதுவிட்டாள். ராஜபாளையத்தில் நீங்கள் வாங்கித் தந்த ஜி.பி.எஸ். வாட்ச், நாங்கள் வந்த வழியைத் திரையில் கோடாகக் காட்டியது. அதைப் பிடித்தே இறங்கிவிட்டோம். ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதீர்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு ஓட்டம் எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "எம்புள்ள எம்புட்டு தூரம் வேணாலும் ஓடட்டும்" என்றீர்களே. அதை நினைத்துக்கொண்டேதான் இறங்கினேன், அத்தா.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். காலையில் செண்பகத்தோப்புப் பக்கம் நடக்கும்போது செத்த நேரம் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். எதைப் பற்றியென்றாலும் சரி. ஓடும்போது கேட்பேன்.

டியூட்டி வண்டி வந்துவிட்டது.

சப்ரீன்