தோற்றுப்போன வகுப்பின் ஒலிப்பதிவு

கண்ணுக்குள்ளேயே நிற்கிற எஸ்தர் அக்காவுக்கு,

நீங்கள் செத்துப்போனதற்கு உங்களுக்கு வாழ்த்துகள் வந்தது தெரியுமா? நம் பள்ளி வட்டார ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் எச்.எம். உங்கள் படத்தைப் போட்டுக் கீழே விஷயத்தை எழுதியிருந்தார். படத்தையும் பெயரையும் பார்த்ததுமே ஏதோ விருது என்று நினைத்து ஒருத்தர் பூங்கொத்து அனுப்பினார். அவரைப் பார்த்து அடுத்தவர் 'வாழ்த்துகள் டீச்சர், மேலும் வளர்க' என்றார். அப்புறம் வரிசையாகக் கைதட்டல். யாரோ முழுசாகப் படித்துச் சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக அழிந்தது. நீங்கள் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். எனக்குப் போனைச் சுவரில் விட்டெறியலாம் போல இருந்தது.

படிக்காமலே பாராட்டுகிற ஆட்கள் அக்கா நாம். இந்தக் கூட்டத்துக்கு நடுவிலா உங்கள் தோற்றுப்போன வகுப்பைக் கொண்டுபோய் வைத்தீர்கள்?

ஏழாம் வகுப்பு, ஆவியாதல் பாடம். என் வகுப்பை நானே ஆராய்ந்து பார்க்கிற செயலாராய்ச்சி செய்யப்போகிறேன் என்று மேசை மேல் போனை வைத்துப் பாடத்தைப் பதிவு செய்தீர்கள். பிறகு ஆசிரியர் அறையில் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். 'உப்புப் பாத்தியில நிக்கித தண்ணி எங்க போகுது?' என்று உங்கள் குரல் கேட்டது. மூச்சு விடுவதற்குள் 'ஆவியாகுது' என்று உங்கள் குரலே சொன்னது. பாடம் முழுக்க அப்படித்தான். பாதிக்கு மேல் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் வார்த்தைகூட அதில் இல்லை.

"ஏளா ராணி, இத்தன வருசமா நானே கேட்டு நானே பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன். இதுல பிள்ளையள மந்தம்னு வேற ஏசியிருக்கேன்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

வேறு யாராக இருந்தாலும் அதை அழித்திருப்பார்கள். நீங்கள் அதை அப்படியே தூக்கி, பல ஊர் அறிவியல் ஆசிரியர்கள் இருக்கிற டெலிகிராம் குழுவில் போட்டீர்கள். 'என் வகுப்பில் நான் மட்டும்தான் பேசுகிறேன். உங்கள் வகுப்பில்?' என்று ஒரே ஒரு வரி. எல்லாரும் வண்ணச் சுவரும் மாதிரி வகுப்புமாகப் போட்டுக்கொண்டிருந்த இடம் அது. சிலர் சிரித்தார்கள். சிலர் புத்தி சொன்னார்கள். ஓட்டப்பிடாரம் பக்கத்து டீச்சர் ஒருத்தரும் ஒரு மலையூர் சாரும் மட்டும் தங்கள் வகுப்பைப் பதிவு செய்து அனுப்பினார்கள். அவர்களும் நம்மைப் போலத்தான், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் உங்களைப் பிடிக்க முடியாது. போனை அடுப்படி அலமாரியில் சாத்தி வைத்து, மீனை அலசிக்கொண்டே அவர்களோடு பேச்சு. கேள்வி கேட்டால் காத்திருக்க வேண்டும் என்று மூன்று பேரும் முடிவு செய்தீர்கள். ஆனால் உங்கள் வாய் சும்மா இருந்தால்தானே! தொண்டைக்கு என்று வைத்திருந்த பனங்கற்கண்டு டப்பாவை வகுப்புக்கே எடுத்துப்போனீர்கள். கேள்வி கேட்டதும் ஒரு கட்டி வாய்க்குள். அது கரைகிற வரைக்கும் டீச்சர் பேசக்கூடாது. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அதே பாடத்தை அப்படி மறுபடி நடத்தி, இரண்டாவதாக ஒரு பதிவும் எடுத்தீர்கள்.

எச்.எம்முக்கு வேடிக்கையாக இல்லை. "ஊரு சிரிக்கும்படி நம்ம பள்ளிக்கூடத்து மானத்தக் கப்பல் ஏத்திவிட்டுருக்கீங்களே டீச்சர், மொதல்ல அத அழிங்க" என்றார். நீங்கள் அழிக்கவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆசிரியர் அறையில் உங்களோடு டீ குடிக்கக்கூட ஆட்கள் யோசித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் நெஞ்சு நின்றுபோனதற்கு மெமோதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

இப்போது கேளுங்கள். போன வாரம் ஆசிரியர் கருத்தரங்கு. நம் பள்ளியின் சாதனை என்று எச்.எம். எழுதிக் கொடுத்தது எதைத் தெரியுமா? உங்கள் செயலாராய்ச்சியை! ஒலிப்பதிவுகள் என்னிடம் இருக்கிறது தெரிந்து கூப்பிட்டார். "அந்த மொதல் பதிவு வேண்டாம், அசிங்கம். ரெண்டாவதப் போடுங்க. அதுலயும் நடுவுல சும்மா கெடக்குத எடத்தையெல்லாம் வெட்டிருங்க. பிள்ளையெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்லுத மாதிரி இருக்கட்டும்."

நீங்கள் வாயைக் கட்டிக் காத்திருந்த இடத்தைத்தான் அவர் வெட்டச் சொன்னார். நான் சரி சார் என்று தலையாட்டிவிட்டு, எதையும் வெட்டாமல் இரண்டு பதிவையும் கொண்டுபோனேன்.

முதல் பதிவு ஓடியபோது சபையில் சிரிப்பு. இரண்டாவதைப் போட்டேன். அதே கேள்வி. அப்புறம் சத்தமே இல்லை. ஆட்கள் நெளிந்தார்கள். எச்.எம். எழுந்து, "ஏலே தம்பி, சவுண்டு போச்சு பாரு" என்று மைக் செட்காரரைப் பார்த்துக் கத்தினார். சவுண்டு போகவில்லை. காது கொடுத்துக் கேட்டால், உங்கள் பல்லில் கற்கண்டு உருளுகிறது. நீங்கள் உயிரோடு அங்கே உட்கார்ந்திருந்தீர்கள் அக்கா.

அப்புறம் உப்பளத்து வீட்டுப் பிள்ளை கனியின் குரல் வந்தது. "தண்ணிதான் டீச்சர் போகுது. உப்பு போகாது. எங்கம்மா கால் வெடிப்புக்குள்ள அப்படியே இருக்கு. எரியுதுன்னு அழும்."

அதற்குப் பிறகும் நீங்கள் பேசவில்லை.

கடைசியில் எல்லாரும் கைதட்டினார்கள். சான்றிதழில் எச்.எம். பெயர் இருந்தது. அவர் அதை வாங்குகிற படம் அன்றைக்கே குழுவில் வந்தது, வாழ்த்துகளும் வந்தன. மறுநாள் எனக்கு மெமோ வந்தது, சொன்னபடி செய்யாததற்கு. உங்கள் பெயரை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று நான் யாரிடம் விளக்கம் கேட்பது?

டெலிகிராம் குழுவில் உங்கள் பதிவு இன்னும் இருக்கிறது. 'உங்கள் வகுப்பில்?' என்ற கேள்விக்கு நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பதில்கூடப் போகவில்லை. திங்கட்கிழமை என் ஆறாம் வகுப்பைப் பதிவு செய்யப்போகிறேன். உங்கள் டப்பாவை உங்கள் வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேவலமாக வந்தாலும் வெட்டாமல், என் பெயர் போட்டு, உங்கள் கேள்விக்குக் கீழேயே வைப்பேன். அதைக் கேட்காமல் எவராவது வாழ்த்துகள் என்று போட்டால், முதலில் என் வகுப்பைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதுவேன். இது சத்தியம் அக்கா.

உங்கள் டப்பாவில் மிச்சம் இருக்கிற கற்கண்டோடு,
உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
ராணி