யூதப் பள்ளியில் மூன்று சுற்று

சிரஞ்சீவி அம்முவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். மட்டாஞ்சேரியில் நானும் உன் அம்மாவும் தேக சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், என் மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. பரோடாக் குளிரில் உனக்கு வந்த இருமல் விட்டதா? இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள், பக்கத்து வீட்டுப் பிச்சுமணி காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் பிராட்வே கடைத்தெரு வரை போய்விடும், அதனால் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை, யூதர்கள் தொழுகிற அந்த யூதப் பள்ளிக்குள், பதினேழு பேர் பின்தொடர நான் பிரதட்சிணம் செய்தேன்.

உன் அறைத் தோழி ஸாதனா பழைய வழிபாட்டு இடங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள், கல்லூரியில் அதற்கு மார்க் உண்டு, நாலு நாள் நம் வீட்டில் தங்கட்டும் என்றாய். சரி என்றேன். ஆனால் அப்பாவுக்குத் தெரியாத கல் மட்டாஞ்சேரியில் இல்லை என்று அவளிடம் சொன்னது யார்? நீதான். ஐம்பத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளியைத் தாண்டித்தான் போகிறேன் வருகிறேன், உள்ளே கால் வைத்ததில்லை. இதை ஒரு கோயமுத்தூர்ப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? முதல் நாள் அரண்மனையும், ஜெயின் கோயிலில் மத்தியானம் புறாவுக்கு இரை போடுவதும் பார்த்தோம். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைக் குரலை உயர்த்திச் சொன்னேன். அரண்மனையில் ராமாயண ஓவியச் சுவர் முன்னால் அவள் முக்கால் மணி நேரம் நின்றாள். நான் ஐந்து நிமிஷத்தில் பட்டாபிஷேகத்தை முடித்துவிட்டு வெளியே வந்து எலுமிச்சை சோடா குடித்தேன்.

மறுநாள் பள்ளி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது, உன் அம்மா நம்பமாட்டாள். தரை முழுக்கச் சீனத்து நீலப் பூப்போட்ட பீங்கான் டைல்ஸ், ஒன்றைப் போல இன்னொன்று இல்லையாம். ஸாதனா மண்டிபோட்டு இரண்டை ஒப்பிட்டு, இதில் மட்டும் மரம் சாய்ந்திருக்கிறது பாருங்கள் என்றாள். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள், நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. நடுவில் ஒரு மேடையும் சுற்றிலும் இடமும் இருந்தால் நம் காலுக்கு வேறென்ன தெரியும்? கையைக் கூப்பிக்கொண்டு வலம் வரக் கிளம்பிவிட்டேன். குருவாயூரில் தரிசனம் முடித்து ஊர் பார்க்க இறங்கிய விருதுநகர் பஸ் யாத்திரிகர்கள் பதினேழு பேர், என் நெற்றி விபூதியை நம்பி வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள். மூக்கம்மாள் என்று மற்றவர்கள் கூப்பிட்ட அம்மாள், "எத்தனை சுத்து சாமி?" என்று பயபக்தியாகக் கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு ஏது வாய்? மூணு என்றேன். காவலுக்கு இருந்தவர் திட்டக்கூட இல்லை, அருகே வந்து, சேட்டன் கொஞ்சம் உட்காரட்டும் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொல்லிப் பெஞ்சைக் காட்டினார். அந்த மரியாதையில்தான் குப்பென்று வியர்த்தது.

உட்கார்ந்தபின் ஸாதனாவின் நோட்டை எட்டிப் பார்த்தால், இங்கு வருகிறவர்கள் மேடையை மூன்று முறை வலம் வருவது வழக்கம் என்று எழுதியிருக்கிறாள். நானூறு வருஷத்துக்கு மேலான பள்ளிக்கு நான் புது வழக்கம் உண்டாக்கிவிட்டேன். இதை அவளுடைய பேராசிரியர் படித்தால் தலைகுனிவு அந்தப் பெண்ணுக்குத்தானே, அவள் செய்த தப்பு என்னை நம்பியது ஒன்றுதான். அதை அவளிடம் சொல்ல இரண்டு நாள் வாய் வரவில்லை. உன் அம்மா கப்பைக் கிழங்கு வேகவைத்த அன்றுகூட இரண்டாம் தடவை கேட்காமல் எழுந்தேன் என்றால் பார்த்துக்கொள். வியாழக்கிழமை வைட்டிலாவில் அவளைப் பஸ் ஏற்றும்போது, டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அந்த வரியை அடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டி, "எதுக்குச் சுத்துனீங்கன்னு நீங்களே எழுதிருங்க அங்கிள்" என்றாள். இவ்வளவு அழகைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை, தெரிந்த ஒன்றைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். இது போதும் என்றாள். ஒரு இடத்துக்குப் போனால் பேசாமல் பார்க்கத் தெரிந்த பெண் அம்மு அவள், அதை இந்த வயதில் அவளிடம்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நானே டிக்கெட் எடுத்துப் போய் முக்கால் மணி நேரம் அந்தப் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இருமலுக்கு மிளகு அனுப்பியிருக்கிறேன், மிக்ஸியில் போடாதே, இடித்துப் பாலில் போட்டுக் குடி. வேளைக்குச் சாப்பிடு. சகல சௌபாக்கியத்தோடும் நன்றாக இரு, அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். ஒன்று மட்டும் மறக்காதே, ஸாதனா நம் வீட்டைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. டச்சுக்காரர் காலத்து வீடு என்று நான் சொன்னது அவள் நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நாம் இதைக் கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தது நீ எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹரிநாராயணன்