டீசலா, டாக்டரா

மார்ச் 4

எங்கள் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கு டீசலும் மின்சாரமும் கலந்த இயந்திரம் ஒத்துவருமா? ஆராய்ந்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வடிவமைத்தவன் யாரென்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். சுருள்! கல்லூரியில் எந்நேரமும் செப்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். நாங்கள் இருவரும் கையால் சுற்றிய முதல் மோட்டார், விசிறியோடு மேசையிலிருந்து எழும்பி டியூப்லைட்டை உடைத்தது. மாலை முழுக்கக் கண்ணாடிச் சில் பொறுக்கினோம். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு எதையும் பொறுக்கியதில்லை.

மார்ச் 11

சுருளின் பட்டறைக்குப் போனேன். பாதி வழுக்கை. பேச்சில் மட்டும் அதே வேகம்.

"டீசல் இன்ஜின் ஒரே சீரா ஓடி கரண்ட் எடுக்கும். மேல இருக்கிற விசிறிய மோட்டார் சுத்தும். கிளம்புறப்ப பேட்டரி கைகொடுக்கும். எரிபொருள் எவ்வளவு மிச்சம் தெரியுமா!"

உண்மைதான். கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க எனக்கு இருபது வயது.

மார்ச் 19

எடை. எடை. எடை.

மார்ச் 20

இன்ஜின், ஜெனரேட்டர், மோட்டார், பேட்டரி, அதைக் குளிரவைக்கும் ஏற்பாடு — எல்லாம் சேர்ந்து இரண்டு ஆள் எடை கூடுகிறது. எரிபொருள் மிச்சம் அதில் பாதியைக்கூட ஈடுகட்டாது. யாரை இறக்கிவிடுவது? டாக்டரையா, நோயாளியையா?

எங்கள் பைலட் சிரித்தார். "லாரி இன்ஜினத் தூக்கிட்டுப் போறதுக்கா மேடம் நாம கிளம்புறோம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 23

சொல்லிட்டேன். போன்ல கத்தினான்.

"ஆறு வருஷ உழைப்புடி! வேற யாரு சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். நீயே சொன்னா எங்க போவேன்?"

"கணக்கு இடிக்குதுடா. நான் என்ன பண்ண?"

வெச்சிட்டான். நல்லவேளை, இல்லேன்னா அழுதிருப்பேன். இதைச் சொல்ல நான்தான் கிடைச்சேனா?

ஏப்ரல் 2

தேநீர் நேரத்தில் பைலட் தன் பயத்தைச் சொன்னார். "தாழப் பறக்கையில இன்ஜின் நின்னா யோசிக்கவே நேரமிருக்காது மேடம். ஒரு நிமிஷம் எதாவது தாங்கிப் பிடிச்சாப் போதும், இறக்கிடுவேன்."

பாதித் தேநீரோடு எழுந்து வந்துவிட்டேன். டீசல் வேண்டாம். பழைய இன்ஜின் அப்படியே இருக்கட்டும், ஆபத்துக்கு மட்டும் சுருளின் மோட்டாரும் ஒரு சின்ன பேட்டரியும்! எடை போட்டுப் பார்த்தேன். யாரும் இறங்க வேண்டாம்.

'முழுக் கலப்பு நடைமுறைக்கு ஒத்துவராது. மோட்டாரை அவசரத் துணையாகச் சோதிக்கலாம்' என்று எழுதி, சுருளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

ஏப்ரல் 9

பதில் இல்லை.

ஏப்ரல் 27

ஒரே வரி வந்தது: "பேட்டரிய இன்னும் சின்னதாக்கலாம்."

நாலு தடவை படித்தேன்.

செப்டம்பர் 16

சோதனை நாள். மேலே போய் பைலட் வேண்டுமென்றே இன்ஜினை நிறுத்தினார். சத்தம் சட்டென்று அடங்கியது. சுருளின் மோட்டாரில் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. தரையைத் தொட்டதே தெரியாமல் இறங்கினார்.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து சுருள் கத்தினான். "ஏய் முள்ளு! அளவெல்லாம் எடுத்தியா?"

ஆய்வகத்தில் மீட்டர் முள்ளையே முறைத்துக்கொண்டிருப்பேன் என்று அவன் வைத்த பெயர். கல்லூரி முடிந்தபின் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எடுத்திருந்தேன். இருந்தாலும் காதில் விழாதது போல நின்றேன்.

மறுபடியும் கூப்பிட்டான்.