ஏழாம் பக்கத்தில் மாறிய சொல்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் நாங்கள் மூவரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் இல்லையென்று சாதிக்கக் கூடாது: நாற்காலியில் அப்பா, கதவோரம் நான், துணி மடித்துக்கொண்டு உன் அண்ணி, சோபாவில் மருந்துக் கம்பெனி அதிகாரி ஒருவர். மருந்துப் பெட்டிக்கு விதி எழுதும் தரநிலைக் குழுவில் உன்னோடு உட்காருகிறவராம். சட்டையிலும் சுருக்கம் இல்லை, பேச்சிலும் இல்லை, அண்ணி அவருக்கு இஸ்திரி என்று பேர் வைத்துவிட்டாள். இந்தப் பக்கம் வந்தேன், சும்மா எட்டிப் பார்த்தேன் என்றார். சும்மா வந்தவர் கையில் உன் பேர் எழுதிய உறை எதற்கு? உங்க பொண்ணு பெரிய மூளைக்காரிம்மா, ஆனா அவ கண்டுபிடிச்ச சூடு காட்டுற பட்டை ஆராய்ச்சிக்கூடத்துலயே கிடந்தா போதுமா, கடைக்கு வரணும்ல, இப்பப் போய் விதியில தகராறு பண்ணினா ரெண்டு வருஷம் இழுக்கும், வரைவுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க என்று தேனாய்ப் பேசிவிட்டு, உறையிலிருந்து, பொதுமக்கள் கருத்துக்காகத் தமிழில் அச்சடித்த வரைவை எடுத்து வைத்துவிட்டுப் போனார். இந்த அம்மா எங்கே படிக்கப்போகிறாள் என்ற தைரியம்தான்.

போன மாதம் எழுத்துப்பிழை பார்க்க நீ அனுப்பிய வரைவைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேல் பிடித்து வரிவரியாகப் பார்த்தேன். இருபத்திரண்டு பக்கம். அளவு, நிறம், சோதிக்கும் முறை எல்லாம் நீ எழுதியபடியே. ஏழாம் பக்கத்தில் மட்டும், வெப்பம் காட்டும் பட்டை ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் ஒட்டப்பட வேண்டும் என்று இருந்தது ஒட்டப்படலாம் என்று ஆகியிருக்கிறது. தரநிலையில் ஏறிவிட்டால் கடை கடையாய்க் கெஞ்ச வேண்டாம்மா, எல்லாரும் ஒட்டியே தீரணும் என்று நீதானே சொன்னாய்? ஒட்டலாம் என்றால் எவன் ஒட்டுவான்? டாக்டர் அப்பாவிடம் இன்சுலின் போட்டுக்கொள்ளலாம் என்றா சொன்னார்? கடைக்காரர் ஃபிரிட்ஜ் கெட்டு, சூடாகிப்போன மருந்தை அறியாமல் போட்டுக்கொண்டு அப்பா எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால்தானே நீ இந்தப் பட்டையைச் செய்யவே உட்கார்ந்தாய்.

அப்பாவோ, உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம், என்னையே முப்பது வருஷமா சோதிச்சுட்டுதானே இருக்கே என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். வெள்ளிக்கிழமை நானே இஸ்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு சொல்லுக்கா இவ்வளவு, உங்க பொண்ணு சம்மதிச்சுத்தானேம்மா மாத்தினோம் என்றார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதி, அப்படி நினைக்கிற பாவத்தைக் கடவுள் மன்னிக்கட்டும்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். குழுக் கூட்டம் ஆறாம் தேதி, அதற்குள் ஏழாம் பக்கத்தைப் படிக்காமல் பேனாவைத் திறக்காதே.

உன் நன்மையே வேண்டும்
அம்மா

சம்மதித்தாயா, இல்லையா? உடனே பதில் போடு.