வழுக்கு மரமும் என் தொப்பையும்

1974 ஏப்ரல் 8, திங்கள்

காலையில் கேழ்வரகுக் கூழ். மத்தியானமும் அதுதான். வழுக்கு மரம் ஏறுகிறவன் இளைக்க வேண்டும் என்று எங்கள் தெக்கால வீதித் தலைவர் கந்தப்பன் உத்தரவு. அவரால் சொந்த வீட்டு வாசற்படி ஏற முடியாது, அது வேறு விஷயம். போன வருஷம் மாரியம்மன் நோம்பியில் நான் பாதி மரத்திலிருந்து சறுக்கி, கீழே நின்ற இரண்டு பேர் மேல் உட்கார்ந்துவிட்டேனாம். இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். விசாரித்துவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கூழ்.

என் பெண்டாட்டி நாச்சம்மாள் கேலியே செய்வதில்லை. அதுதான் பயம். மரம் ஏறி ஜெயிக்கிற வீதிப் பெண்கள்தான் மாரியம்மனுக்கு முதல் மாவிளக்கு எடுப்பார்கள். ஆறு வருஷமாக அவள் வடக்கால வீதிப் பெண்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு தட்டோடு நிற்கிறாள். இன்று அந்தத் தட்டைப் புளி போட்டு விளக்கும்போது கேட்டாள், "இந்த வருசமும் கடேசிதானுங்களா?"

ராத்திரிக்கும் கூழே போதும் என்றேன்.

ஏப்ரல் 20, சனி

வடக்கால வீதிக் காளிச்சாமிக்குக் கை முழங்காலைத் தொடும். நான் மூன்று பிடியில் ஏறுவது அவனுக்கு ஒரு எட்டு. எங்கள் பக்கம் என் மச்சினன் மாரப்பன். ஈரத்துணியோடு நிறுத்தாலும் அரை மூட்டை நெல்லுக்குத் தேறமாட்டான். காய்ந்த மரமென்றால் ஓடிவிடுவான், எண்ணெய் பட்டால் அந்தத் தொடைக்குப் பிடிப்பில்லை. அப்புறம் நான். மரத்தைக் கட்டினால் தொப்பைதான் முதலில் போய்ச் சேர்கிறது. கை பிறகு வருகிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

கூழ். வேட்டி தளரவில்லை. மனசுதான் தளர்ந்தது.

ஏப்ரல் 24, புதன் — நோம்பி

பட்டை சீவிய பாக்கு மரம். மரம் முழுக்க விளக்கெண்ணெயும் கத்தாழையும்; உச்சியில் அவிழ்க்க வேண்டிய மஞ்சள் துணி. யார் முதலில் என்று வழக்கமாகச் சீட்டுப் போடுவோம். இந்தத் தடவை வடக்கால வீதிக்காரர்கள் ஆறு வருஷம் ஜெயித்தவர்களாம், முதல் மரியாதை வேண்டுமாம். மரியாதையோடு எண்ணெயையும் வாங்கிக்கொண்டார்கள். காளிச்சாமி உச்சிக்கு ஒரு முழம் வரை போய், அத்தனை நீளத்தோடும் சறுக்கி வந்தான். மினுமினுவென்று நின்ற அவனைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. மேல்மரத்து எண்ணெய் அவன் மேல். வழிந்த எண்ணெயெல்லாம் சேர்ந்த கீழ்மரத்துக்கு அகலமான ஆள் வேண்டும்.

"மொதல்ல நா போறனுங்க."

"நீங்க எங்கீங்க ஏறப் போறீங்க?" என்றார் கந்தப்பன்.

"ஏற இல்லீங்க. தொடைக்க."

தரையில் கால் படாதவரை எத்தனை தடவையும் ஏறலாம். பாதி வரை போவேன், தொப்பையை அழுத்திக்கொண்டு சறுக்குவேன், மறுபடி போவேன். ஐந்து தடவை. ஊரே சிரித்தது. என்னைப் பிழிந்திருந்தால் நாலு வீட்டில் விளக்கெரிந்திருக்கும். பிறகு மாரப்பன் அணில் மாதிரி ஓடி, உச்சி மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டான்.

ஏப்ரல் 25, வியாழன்

என் மேலிருந்த எண்ணெய் போக நாச்சம்மாள் அரப்புத் தேய்த்தே கை ஓய்ந்துவிட்டாள். நேற்று எல்லோருக்கும் முன்னால் தட்டோடு போனவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. எப்படித் திரும்புவாள்? ஆறு வருஷம் கழித்து எதிரில் யார் முதுகும் இல்லையே.

கந்தப்பன் பலாப்பழம் அனுப்பியிருக்கிறார். இனிமேல் நான் இளைத்துவிடவே கூடாதாம்.

நாச்சம்மாள் கூழ்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.