அப்பா கழட்டிக் கொடுத்த வாட்ச்

பெரம்பலூர், 9 ஜூன் 2024
வாட்ச் சேகரிக்கிறவர்கள் குரூப்பில் இன்றைக்கும் அதே சண்டை. டயலில் ஒருத்தன் பேர், உள்ளே இன்னொருத்தன் மெஷின். அதையெல்லாம் சேகரிப்பில் வைக்கலாமா? கூடவே கூடாது என்று எழுதினேன். எச்.எம்.டி. மேல் எனக்கு ஏன் இத்தனை பைத்தியம்? தங்கள் மெஷினைத் தாங்களே செய்தார்கள். என் அலமாரியில் இருப்பதில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. இருந்து என்ன? அப்பாவுடையது இல்லையே.

11 ஜூன்
சுகன்யா அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாங்கி வைத்த வாட்சை மண்டபத்தில் யாரோ அடித்துவிட்டார்கள். அப்பா தன் கையில் இருந்த எச்.எம்.டி.யைக் கழட்டி மாமா கையில் கட்டிவிட்டார். எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதற்கப்புறம் சாகிறவரை அவர் வாட்சே கட்டவில்லை.
மாப்பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? அக்காவுக்குத்தானே பேச்சு விழும்.

16 ஜூன்
அக்காகிட்ட கேட்டுட்டேன்! "அடிப் பைத்தியமே, செல்வி, இதுக்கா இத்தன வருசம் முழுங்கிக்கிட்டு இருந்த? பீரோவுல சும்மாதான் கெடக்கு. வந்து எடுத்துக்கிட்டுப் போ."

22 ஜூன்
வேலையே ஓடல. நாளைக்கு ஆண்டிமடம், அக்கா வீடு.

23 ஜூன்
மாமாவே எடுத்துக் கொடுத்தார். அதே டயல், அதே கீறல். நொடிமுள் மட்டும் முன்பு போல வழுக்கிக்கொண்டு ஓடாமல் நின்று நின்று போனது.
"தெனம் சாவி குடுக்க யாரால ஆவும்? பேட்டரி மெஷின் மாத்திட்டேன். ஒரு நிமிசம் தப்பாது பாரு."
பழைய மெஷின்?
"அது எதுக்கு? கடையிலயே போட்டுட்டு வந்துட்டேன்."
சரிங்க மாமான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ஸுல ஒரே அழுகை. அவரத் திட்டவும் முடியல, நல்லா ஓடணும்னுதான செஞ்சாரு. ஐயோ, அப்பா தெனம் சாவி குடுத்தது எந்தக் குப்பையில கெடக்கோ!

1 ஜூலை
அதே மாடல் என்னிடம் ஒன்று இருக்கிறது. யாரும் திறந்ததேயில்லை. குரூப்பில் எல்லாருக்கும் அதன் மேல் ஒரு கண். அதன் மெஷினை அப்பா வாட்சில் போட்டால்? குரூப் கணக்குப்படி ரெண்டுமே கெட்டது. ஊருக்கு உபதேசம் பண்ணினவள் நான்!

7 ஜூலை
பிரித்துவிட்டேன். மாற்றியும் விட்டேன்.

8 ஜூலை
சாவி கொடுத்து, கட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். மத்தியானம் அக்கா போன்.
"ஓடுதாடி?"
"ஓடுதுக்கா."
"அப்பா கையில கேட்ட சத்தமா?"
"அப்படியேதான்."
பொய்யில்லை. சத்தம் அப்படியேதான் இருக்கிறது. எனக்குத்தான் இன்னும் அப்பா வாட்ச் வேணும்.