பின் சீட்டில் மூன்று பேர்

ஆடி 2, சனி
பட்டறையில் இருந்தவர்கள்: என் மகன் தனசேகரன், இனி தனசே. அவன் பெண்டாட்டி கலா. பேத்தி யாமினி, பேரன் கார்த்தி. எண்ணூரிலிருந்து கலாவின் அம்மா ராணி. வண்டிக்கு பாடி கட்டும் பஷீர் பாய். நான். வேறு யாரும் இல்லை. பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

காலையில் தூறல். திருவொற்றியூர் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி.

காசிமேட்டில் மீன் ஏற்றும் பிக்கப் இது. போன ஆடியில் பின்னால் பாயைப் போட்டு எல்லோரும் பெரியபாளையம் கோயிலுக்குப் போனோம். வழியில் போலீஸ் இறக்கிவிட்டது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாதாம். அதற்காகத்தான் கேபினை வெட்டி நீட்டி, பின் சீட் வைத்து, குடும்ப வண்டியாக்குவது. ஆர்.டி.ஓ. அனுமதி வந்தாகிவிட்டது.

பாய் இரண்டு செங்கல் வைத்து மேலே பலகை போட்டார். தரையில் வண்டி அகலத்துக்கு இரண்டு சாக்பீஸ் கோடு.

"பின்னாடி வரவங்க குந்துங்க. முட்டி எங்க வருதோ அத்த வச்சுதான் தகடு வெட்டுவேன்."

யாமினி, கார்த்தி, நான். உட்கார்ந்தோம்.

ராணி நின்றபடியே, "யாமினிக்கு டெங்கு வந்தப்போ வேப்பஞ்சேலை கட்டறதா வேண்டிகினவ நானு. எனக்கு எங்க எடம்?" என்றாள்.

"மூணு பேருதாம்மா," என்றார் பாய். "முன்னாடி ரெண்டு, பின்னாடி மூணு. ஆர்.சி. புக்குல அதான் ஏறும்."

கலா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். "எனக்கு இன்னாத்துக்கு சீட்டு. காலு மடங்கல. நான் வரல."

"இன்னாம்மா, நெஜமாவா?" என்றான் தனசே.

"வேணாம்டா."

"சரி."

ராணி உட்கார்ந்தாள். அவள் முட்டிக்கு நேராக பாய் கோடு போட்டார்.

தனசே. கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மீன் வாடை என்று மூக்கில் முந்தானை வைத்தவள் ராணி. பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். சாம்பார் வரும்வரை கையை எடுக்கவில்லை.

ஆடி 3, ஞாயிறு
வெயில். முட்டி நன்றாக மடங்குகிறது. மூன்று தடவை தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு தடவை வேணாம் என்றால் அது வேணாம் இல்லை. சோறு போடும்போதும் அப்படித்தான். இரண்டாம் தடவை கேட்டால்தான் இலையிலிருந்து கையை எடுப்போம். என்னைப் பெண் கேட்டு வந்தபோது அப்பா இரண்டு தடவை வேணாம் சொல்லி, மூன்றாவதுக்குத்தான் தட்டை வாங்கினார். தனசே. இந்த வீட்டில் வளர்ந்தவன்.

கோயிலுக்குப் போக இன்னும் பதினாலு நாள். கேட்பான்.

ஆடி 8, வெள்ளி
கொடித்துணியில் கரி. மறுபடி அலச வேண்டும். பிரஷர் மாத்திரை. யாமினி ஜாக்கெட் கை பிரிக்க. அரிசியில் வண்டு.

சாயந்திரம் தனசே. பக்கத்தில் வந்து நின்றான். தலையைச் சொறிந்தான். சின்ன வயசிலிருந்து, ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அப்படித்தான்.

"எம்மா."

"இன்னா?"

"அந்தப் பெரிய தேக்சா எங்க கீது? பொங்க வைக்க."

பரண் மேல் என்றேன். நானே இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். கை இன்னும் எரிகிறது.

ஆடி 16, சனி
வண்டி வந்துவிட்டது. பூசணிக்காய், கற்பூரம், டயருக்கு எலுமிச்சை. எல்லோரும் ஏறி டோல்கேட் வரை ஒரு சுற்று.

எதிர்வீட்டு மல்லிகா, "இன்னா ஆயா, நீ ஏறலியா?"

தலைசுற்றல் என்றேன்.

மதியம் அவர்கள் தூங்கும்போது வண்டிக் கதவு பூட்டாமல் இருந்தது. பின் சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை, தொடையில் ஒட்டியது. முட்டிக்கும் முன் சீட்டுக்கும் நடுவே நாலு விரல் இடம்.

மல்லிகா வாசலுக்கு வரும் சத்தம். இறங்கிவிட்டேன்.

ஆடி 17, ஞாயிறு
ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். ராணி நடுவில். "பிரசாதம் எடுத்தாரேன் ஆயா," என்றாள் யாமினி. தனசே. இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

ஒரு ஆழாக்கு அரிசி வடித்தேன். கருவாடு சுடவில்லை. கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

தனசே.வுக்கு ஏழு வயதில் மஞ்சள் காமாலை. நகம்கூட மஞ்சள். ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். பிழைத்ததும் நான் வேப்பஞ்சேலையாக உடம்பு முழுக்க வேப்பிலை கட்டி ஈரத்தோடு பெரியபாளையத்தாளைச் சுற்றி வந்தேன். இலையில் கட்டெறும்பு. கழுத்து, இடுப்பு எல்லாம் தடித்துவிட்டது. அவன் அவங்க அப்பா தோளில் உட்கார்ந்து முறுக்கு தின்றான்.

பத்தரைக்கு போன். தனசே. பின்னால் மேளம்.

"எம்மா, மஞ்சத்தண்ணி ஊத்திட்டு வேப்பில கட்டணுமா, கட்டிட்டு ஊத்தணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ."

ராணி குரல்: "நல்லா கேளு மாப்ள, அவங்களுக்குதான் தெரியும்."

"மொதல்ல ஊத்து. ஈரத்தோட கட்டு. மூணு சுத்து. சுத்தி முடிக்கிற வரைக்கும் பேசக்கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நீ துன்னியா?"

"பசிக்கல."

"சரிம்மா." வைத்துவிட்டான்.

ராணி வேண்டிக்கொண்டவள், போய்த்தான் ஆகவேண்டும். அந்த முந்தானை விஷயம் தனி. கலா அவள் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் என்ன பேசுவாள். பிள்ளைகளுக்கு வழக்கம் தெரியாது. பாய் உட்கார்ந்தவர்களுக்குக் கோடு போட்டார். இவர்கள் யாரையும் சொல்லவில்லை.

மன்னிக்க மாட்டேன் என்று எழுதிவைப்பது ஒரு பெயரைத்தான். தனசேகரன்.